டிரைபாடை மடக்கும் முன்

கடற்கரையில் விடியலைப் படமெடுத்துவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸைத் துடைக்கிறார்கள். அடுத்து கேமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். டிரைபாட் மட்டும் கார் டிக்கியிலேயே கிடக்கிறது. வெறும் குழாய்தானே, அதற்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. சில மாதங்களில் கால் திருகும்போது கரகரக்கத் தொடங்கும். பிறகு ஒரு பூட்டு இறுகிப்போய்த் திறக்காது, இன்னொன்று எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. லட்ச ரூபாய் கேமராவைச் சுமக்கும் கால் மெல்ல உள்வாங்கி இறங்கும். பழி கம்பெனியின் மேல் விழும்.

வெளியில் பயன்படுத்திய டிரைபாடை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்விக்குப் புகைப்படக்காரர்களிடையே ஒருமித்த பதில் கிடையாது. தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்பவர்களும் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. கிரீஸ் தடவச் சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், எதையும் தடவாதே என்பவர்களும் இருக்கிறார்கள். கார்பன் ஃபைபருக்கு இந்தக் கவலையே வேண்டாம் என்பது கடைக்காரர்கள் பலரின் வாக்கு. இவற்றை எடுத்துப் பார்த்து, நம் கடற்கரைக்கும் உப்பளத்துக்கும் சதுப்புக்கும் மலைமழைக்கும் எது பொருந்தும் என்று சொல்லப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைபாட் கடலில் நிற்கும்போது அதற்குப் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. வேலை முடிந்ததும் மணலும் உப்புநீரும் ஒட்டிய காலை அப்படியே உள்ளே தள்ளி மூடுகிறோமே, சேதத்தின் பெரும்பங்கு அந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது.

பூட்டுக்குள் இருப்பது

டிரைபாட் காலில் மூன்று அல்லது நான்கு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். மேலே இருப்பது தடிமனானது, கீழே போகப்போக மெலியும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பூட்டு. கையால் திருகுவது ட்விஸ்ட் லாக், நெம்புகோல் போல மடக்குவது ஃப்ளிப் லாக். இன்று விலை கூடிய டிரைபாட்களில் பெரும்பாலும் ட்விஸ்ட் லாக்தான்.

அதன் கழுத்தை முழுக்கத் திருகிக் கழற்றி, உள்குழாயை மெதுவாகக் கீழ்நோக்கி உருவினால் உள்ளே இருப்பவை தெரியும். வெளிக்குழாயின் அடியில் மரை வெட்டிய உலோக வளையம். அதனுள் ஒரு பக்கம் பிளந்த பிளாஸ்டிக் வளையம், ஒரு விளிம்பு சற்றே சரிவாகச் சீவியிருக்கும். கழுத்தைத் திருகத் திருக அந்தச் சரிவு நெருக்கப்படுகிறது, பிளவு சுருங்குகிறது, வளையம் உள்குழாயைக் கவ்விக்கொள்கிறது. உள்குழாயின் மேல்முனையில் அரைவட்ட வடிவில் இரண்டு பிளாஸ்டிக் சில்லுகள் இருக்கும். ஷிம் என்பார்கள். அவற்றின் உட்பக்கத்தில் உள்ள சிறு குமிழ்கள் குழாயின் துளைகளில் அமர்ந்திருக்கும். குழாய் ஆடாமல், பக்கவாட்டில் சுழலாமல் ஏறி இறங்குவது இந்தச் சில்லுகளால்தான்.

ஆகவே கேமராவின் எடையைக் கடைசியில் தாங்கி நிற்பது பிளாஸ்டிக்குக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள உராய்வு. இது தெரிந்தால் பராமரிப்பு பற்றிய சண்டைகளில் பாதி தீர்ந்துவிடும். கவ்வும் இடம் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், திருகும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். இரண்டும் அரை அங்குல இடைவெளியில் இருப்பதுதான் சிக்கல்.

இந்த இடத்துக்குள் மணல் எப்படிப் போகிறது? காலை மடக்கும்போது மெல்லிய குழாய் தன்மேல் ஒட்டிய மணலையும் சேர்த்து வளையத்துக்குள் இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. அலுமினியக் குழாயின் மேலுள்ள அனோடைஸ் பூச்சு கடினமானதுதான், ஆனால் வழக்கமாக அதன் தடிமன் 5 முதல் 25 மைக்ரான் வரைதான். மணல் துகள் பிளாஸ்டிக் வளையத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் குழாயில் நெடுக ஒரு கோடு இழுக்கும். பழைய டிரைபாட்களின் கீழ்த்துண்டில் மேலிருந்து கீழாகப் பளபளக்கும் வெள்ளிக்கோடுகள் இப்படி வந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் படமெடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் கலந்திருக்கின்றன. கார்னெட்டும் சிர்கானும் குவார்ட்ஸுக்கு ஈடான, சில சமயம் அதைவிடக் கூடுதலான கடினம் கொண்டவை. கார்னெட்டை மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள்.

உப்பு வேறு வகை. சோடியம் குளோரைடு படிகத்தின் கடினம் 2.5 அளவுதான், அது குழாயைக் கீறாது. ஆனால் அது உலோகத்தை உள்ளிருந்து தின்கிறது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தைக் குளோரைடு அயனிகள் புள்ளி புள்ளியாகத் துளைக்கின்றன. அந்தப் புள்ளிகளில் குழி விழுந்து வெள்ளைப் பொடி பூக்கிறது. மரையில் இந்தப் பொடி சேர்ந்தால் பூட்டு இறுகிப்போகும். பலவந்தமாகத் திருகினால் மரையே உதிரும்.

துடைத்தால் காய்ந்துவிடும், காய்ந்த உப்பு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் உப்பு காய்வதே இல்லை. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்து நீர்க்கத் தொடங்கும். கடலுப்பில் சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல்லுப்பு கசிவது இதனால்தான். கடலோர நகரம் ஒன்றில், பூட்டுக்குள் சிக்கிய உப்பு வருடத்தின் பெரும்பகுதி ஈரமாகவே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கடலில் காலை வைக்காமல் கரையில் நின்றே படமெடுத்தவருக்கும் இது பொருந்தும். அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றில் வந்து டிரைபாட் முழுக்கப் படிகின்றன.

கார்பனுக்குக் கவலை இல்லையா?

1857 இறுதியிலும் 1858-இலும் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்த காலத்தில் கேமராவைத் தாங்கியவை மரக்கால்கள். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். திருகுகளை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெயோ மெழுகோ பூச வேண்டும். இன்றும் ஜெர்மனியின் பெர்லெபாக் நிறுவனம் 1898-இலிருந்து செய்வதுபோல ஆஷ் மரத்தில் டிரைபாட் செய்கிறது. அதிர்வை மரம் நன்றாக அடக்கும், அதை விரும்புகிறவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள்.

பிறகு அலுமினியம் வந்து எடையைக் குறைத்தது. 1994-இல் பிரான்சின் கிட்ஸோ நிறுவனம் முதல் கார்பன் ஃபைபர் டிரைபாடைக் கொண்டுவந்தது. கார்பன் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் கார்பன் டிரைபாட் முழுக்கக் கார்பனால் ஆனதல்ல. குழாய் மட்டும்தான் கார்பன். பூட்டின் மரை, தோள்பட்டை, கால் திரும்பும் கீல் எல்லாம் அலுமினியம் அல்லது மெக்னீசியம் கலவை, திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல்நீரில் உலோகங்களை அரிக்கப்படும் வரிசையில் அடுக்கினால் எளிதில் அரிபடும் முனையில் மெக்னீசியம், அதையடுத்து சற்றுத் தள்ளி அலுமினியம். எதிர்முனையில் கிராஃபைட், அதாவது கார்பன். இந்த இரண்டு முனைகளும் ஒட்டியிருக்க, நடுவில் உப்புநீர் இருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. கரைவது உலோகம். நல்ல தயாரிப்பில் குழாய்க்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பசை இந்தத் தொடர்பைத் தடுக்கும். பசை மெலிந்த இடத்திலும் கீறல் விழுந்த இடத்திலும் தடுக்காது. எனவே கடலுக்குப் போன கார்பன் டிரைபாடுக்கு அலுமினியத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே என் கருத்து. கடைக்காரர் வாக்கை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

கார்பனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழாயில் வெடிப்போ சிலும்பலோ தெரிந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது, சிலும்பு விரலில் ஏறினால் எடுப்பது கடினம். அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி.

கரையிலேயே செய்ய வேண்டியது

காலை நீட்டும்போது தடித்த துண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்லித்தருவது. உறுதிக்கு அதுதான் சரி. தண்ணீரிலோ சேற்றிலோ நிற்கப்போகிறோம் என்றால் இந்த விதியை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள மெல்லிய துண்டை முதலில் முழுக்க நீட்டுங்கள். அதன் பூட்டு தரையிலிருந்து ஒரு அடிக்குமேல் உயர்ந்துவிடும். கணுக்கால் அளவு தண்ணீரில் பூட்டு நனையாது. தடித்த துண்டை மட்டும் நீட்டிவிட்டு மெல்லியதை உள்ளேயே வைத்திருந்தால் மற்ற பூட்டுகள் எல்லாம் அடியில் வரிசையாக நின்று சேற்றைக் குடிக்கும். உறுதி கொஞ்சம் குறையும், உண்மைதான். கால்களை அகல விரித்து, மணலில் நன்றாக அழுத்தி ஊன்றினால் அதைச் சமாளிக்கலாம். அலை பின்வாங்கும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போவதால், கடலில் எப்படியும் அழுத்தி ஊன்றித்தான் ஆக வேண்டும்.

காலில் நீளமான பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு இறங்கும் வழக்கம் ஒன்று உண்டு. பள்ளிக்கரணை போன்ற இடங்களின் சேற்றில் அது உதவும். அலையில் உதவாது. பைக்குள் தண்ணீர் புகுந்து தங்கிவிடும், மணலும் கூடவே புகுந்து குழாயில் தேயும், அலை பையைப் பிடித்து இழுத்து டிரைபாடை ஆட்டும். பூட்டின்மேல் டேப் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். டேப்பின் பசையை எடுப்பது மணலை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

படம் எடுத்து முடித்ததும் செய்ய வேண்டியது எளிது. ஒரு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீரும் இரண்டு பழைய பருத்தித் துணிகளும் போதும். காலை மடக்காமல், நீட்டிய நிலையிலேயே மேலிருந்து தண்ணீரை ஊற்றி மணலைக் கீழே இறக்க வேண்டும். பிறகு துணியைப் பூட்டுக்கு நேர் கீழே குழாயைச் சுற்றிப் பிடித்து, பாதத்தை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. மேல்நோக்கித் தேய்த்தால் துணியில் ஒட்டிய மணலை நாமே பூட்டின் வாயில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஒரு இழுப்புக்குப் பிறகு துணியின் வேறு பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்று கால்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

வாய்ப்பிருந்தால் கடைசித் துண்டை மடக்காமலே வண்டியில் போட்டுக்கொண்டு வருவது இன்னும் நல்லது. பேருந்தில் வருகிறவருக்கு இது முடியாது. அவர் துணியை இரண்டு முறை கூடுதலாக இழுத்துவிட்டு மடக்கட்டும்.

தனுஷ்கோடி போன்ற இடத்தில் ஆபத்து தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. தரையோடு தரையாகப் பறக்கும் மணல் கீலிலும் கேமரா அமரும் தலையின் கவ்வியிலும் போய் அமரும். அங்கே லென்ஸ் மாற்றாமல் இருக்க எல்லோருக்கும் தெரியும். கேமராவின் அடியில் திருகிய பிளேட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டாமல் இருக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்பளங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேதாரண்யம், தூத்துக்குடி, மரக்காணம் உப்பளங்கள் படக்காரர்களை இழுக்கின்றன. கோடியக்கரைக்குப் பூநாரை தேடிப் போகிறவர்களும் அந்த வழியில் நிற்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பாத்தியில் உப்பு விளையும் கட்டத்தில் அந்த நீர் ஏறக்குறைய பத்து மடங்கு செறிவடைந்திருக்கும். அதில் நனைந்த கால் வெயிலில் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகப் பூத்துவிடும், விரலால் தொட்டால் நறநறக்கும். இந்த இடத்தில் மட்டும் துடைப்பதில் எந்தப் பயனும் இல்லை. உப்பு கரைய வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், நிறையவே வேண்டும். உப்பளத்துக்குப் போகும்போது ஐந்து லிட்டர் கேன் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி ஓரத்தில் ஊற்றிவிடாமல், வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்து கழுவுங்கள். அந்தப் பாத்தி ஒருவரின் பிழைப்பு.

வீட்டில் கழுவுவது

கழுவலாமா என்ற கேள்விக்கு என் பதில், கடலுக்கும் உப்பளத்துக்கும் கழிமுகத்துக்கும் போய்வந்தால் கழுவியே ஆக வேண்டும் என்பது. மலையில் மழையில் நனைந்ததென்றால் துடைத்து உலர்த்தினால் போதும்.

முதலில் தலையைக் கழற்றித் தனியே வையுங்கள். தலையோடு சேர்த்துக் கழுவுவது பலர் செய்யும் தவறு, அதற்குப் பிறகு வருகிறேன். கால்களை முழுக்க நீட்டிப் பூட்டி, மிதமான வேகத்தில் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். வண்டி கழுவும் பிரஷர் வாஷர் வேண்டாம். அது வெளியே இருக்கும் மணலை உள்ளே அடித்துச் செருகும். வெளிமணல் போன பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கீல்களையும் பூட்டின் வரிப்பள்ளங்களையும் தேயுங்கள். பிளீச்சும் அமிலமும் பக்கத்திலேயே வரக் கூடாது. பிறகு வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி, பூட்டுகளைத் தளர்த்திவிட்டு, கால்களைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல அசைத்து உள்ளே சிக்கிய உப்பைக் கரைய விடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது கடலோர ஊர்களில் முக்கியமான கேள்வி. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் ஒரு உப்பைப் போக்கி இன்னொன்றைப் பூசியதாகிவிடும். முதல் அலசலுக்கு எந்தத் தண்ணீரும் இருக்கட்டும், கடைசி அலசல் குடிநீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ இருக்க வேண்டும்.

உலர்த்தும்போது அவசரப்படக் கூடாது. பாதத்திலுள்ள ரப்பரைத் திருகிக் கழற்ற முடிந்தால் கழற்றி, தங்கிய தண்ணீரை வடியவிட்டு, பூட்டுகளைத் தளர்த்திய நிலையில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம். குழாயையும் உலோகத்தையும் பிணைத்திருப்பது பசை, அதற்குச் சூடு ஆகாது.

பையை மறந்துவிடுகிறோம். டிரைபாடைக் கழுவி உலர்த்திவிட்டு, கடற்கரைக்குக் கொண்டுபோன அதே பையில் திரும்பச் செருகினால், பையின் அடியில் கிடக்கும் கைப்பிடி மணல் மறுபடி பூட்டில் ஏறும். பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறுங்கள். காலில் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் உறை ஈரத்தைப் பல நாட்கள் தன்னுள் வைத்திருக்கும். கழற்றக்கூடியதென்றால் கழற்றியே உலர்த்துங்கள்.

சேறு பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. காயவிட்டு உதிர்ப்பதா, ஈரமாகவே கழுவுவதா? ஷூவில் ஒட்டிய சேற்றைக் காயவிட்டு உதிர்ப்பது எளிதுதான். டிரைபாடில் பூட்டு இருக்கிறது. பழவேற்காடு, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் காய்ந்தால் பூட்டின் இடுக்கில் கட்டியாகி இறுகும். ஈரமாகக் கழுவுவதே நல்லது. தேரிக்காட்டுச் செம்மணல் மட்டும் உலர்வாகவே இருப்பதால் முதலில் தூரிகையால் தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீர் காட்டலாம்.

எண்ணெய், கிரீஸ், தேங்காயெண்ணெய்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. பூட்டு கரகரத்தால் நம் கை முதலில் தேடுவது டபிள்யூடி-40 டப்பாவை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக அது உருவாக்கப்பட்டது. அந்த வேலையை இன்றும் நன்றாகச் செய்கிறது. ஆனால் மரையில் இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கரைத்து வெளியேற்றிவிட்டு, தன் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அந்தப் படலம் அடுத்த மணலை அன்போடு வரவேற்கும். வளையத்தில் பட்டால் பூட்டு வழுக்கும். இறுகிப்போன பூட்டை ஒருமுறை திறப்பதற்கு அது உதவும். திறந்த பிறகு அதை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும்.

தேங்காயெண்ணெய் தடவும் பழக்கமும் உண்டு. அது சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடியற்காலையில் அதைப் பூசிய பூட்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சமவெளியில் நாளடைவில் பிசுக்காகும். மெக்கானிக் கடையில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தருவார்கள். கிரீஸைப் போக்க அது வல்லது, ஆனால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் அதில் உப்பிக் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம்.

கிரீஸ் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள், மணல் ஒட்டும் என்கிறார்கள். வேண்டும் என்பவர்கள், அது உப்புநீர் மரைக்குள் புகாமல் தடுக்கும் என்கிறார்கள். வறண்ட நிலத்தில் வேலை செய்பவருக்கு முதல் தரப்பு பொருந்தலாம். கடலோரத்தில் இருப்பவருக்கு இரண்டாவதுதான் சரி என்று நினைக்கிறேன். தண்ணீரில் கரையாத, படகு எஞ்சின்களுக்குப் போடும் வகைக் கிரீஸோ சிலிக்கோன் கிரீஸோ நல்லது. அளவுதான் முக்கியம். பட்டாணி அளவில் பாதி எடுத்து, ஆண் மரையில் மட்டும் விரலால் பூசி, பள்ளங்களில் மெல்லிய பளபளப்பு தெரியும்வரை உபரியைத் துடைத்துவிட வேண்டும். பிளந்த வளையத்திலும் ஷிம்மிலும் குழாயிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். சுத்தம் செய்த பிறகு கால் வழுக்குகிறது என்று சொல்லப்படும் புகார்கள் பெரும்பாலும் இந்தக் கைத்தவறுதான்.

ஃப்ளிப் லாக்குக்கு இவ்வளவு பாடு இல்லை. திறந்த அமைப்பு என்பதால் மணல் உள்ளே போவதும் எளிது, வெளியே வருவதும் எளிது. பிடி தளர்ந்தால் அதன் நட்டைக் கால்வாசிச் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். கைப்பெருவிரல் வலிக்க மூட வேண்டியிருந்தால் அளவுக்குமேல் இறுக்கிவிட்டோம் என்று பொருள், நெம்புகோல் ஒருநாள் முறியும்.

தலை

பால் ஹெட்டின் உருண்டை, அதைச் சுற்றியுள்ள பட்டைகளின் உராய்வால்தான் நிற்கிறது. அதற்கு எண்ணெய் எதுவும் தேவையில்லை. மெல்லிய துணியால் உருண்டையைச் சுழற்றிச் சுழற்றித் துடைத்தால் போதும். உப்புத்திவலை பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை. கழற்றிப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தலையே கடலில் விழுந்துவிட்டதென்றால் கதை வேறு. உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் எல்லாக் குமிழ்களையும் தளர்த்தி அலசி, சர்வீஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். வீடியோக்காரர்களின் ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் கெட்டியான திரவம் அடைத்திருக்கும். அதைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, திறக்கவும் கூடாது.

பிளேட்டும் அது பொருந்தும் கவ்வியும்தான் பாதுகாப்பைப் பொறுத்தவரை மிக முக்கியமான இடம். ஒரு மணல் துகள் அந்தச் சரிவான பள்ளத்தில் இருந்தால் போதும், பிளேட் முழுதாக அமராது, ஆனால் அமர்ந்ததுபோலத் தெரியும். கவ்வி இறுகியதாகக் கை நம்பும். பெரிய லென்ஸோடு கேமரா சரிந்து விழும் சம்பவங்களுக்கு இது ஒரு வழக்கமான காரணம். கடற்கரையில் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் விரல்நுனியால் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கேமராவை டிரைபாடோடு இணைக்கும் கால் அங்குலத் திருகும், தலையைக் காலோடு இணைக்கும் எட்டில் மூன்று அங்குலத் திருகும் உலகம் முழுக்க ஒரே அளவு, ஐஎஸ்ஓ 1222 என்ற தரத்தின்படி. இவை பெரும்பாலும் எஃகு, அவை பொருந்துவது அலுமினியத்தில். கடலோரத்தில் தலையை வருடக்கணக்கில் கழற்றாமலே வைத்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி, துடைத்து, மாட்டுங்கள்.

கழற்றுவது, உதிரிப் பாகம்

முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்ய காலண்டர் எதுவும் கிடையாது. திருகும்போது கரகரப்புக் கேட்டால், குழாய் ஏறி இறங்கத் தயங்கினால், பூட்டு முழுக்க முழுகியிருந்தால் கழற்ற வேண்டும். வேறு எப்போதும் தேவையில்லை. கழற்றும்போது ஒரு கால் முடிந்து மாட்டிய பிறகே அடுத்த காலைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கழற்றிப் பரப்பினால் எந்த ஷிம் எந்தக் குழாய்க்கு என்று குழம்பும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, இடம் மாறினால் ஆடும். குழாய் வெளியே வரும் நொடியில் ஷிம்கள் தாமாகக் கழன்று விழும், எனவே வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் செய்யுங்கள். பிளந்த வளையத்தின் சரிந்த விளிம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தலைகீழாகப் போட்டால் பூட்டு பிடிக்கவே பிடிக்காது. எல்லாம் மாட்டியபின் கேமரா வைக்கும் முன், கால்களை நீட்டிப் பூட்டி, இரண்டு கையாலும் தோள்பட்டையை அழுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கக் கூடாது.

கால்கள் தோள்பட்டையில் திரும்பும் கீலையும் அப்போதே பார்த்துவிடலாம். டிரைபாடைப் படுக்கவைத்துத் தூக்கினால் கால் தொங்கி விழாமல், தள்ளினால் மட்டும் நகர வேண்டும். தளர்ந்திருந்தால் கூட வந்த ஆலன் கீயால் சிறிது இறுக்குங்கள்.

இவ்வளவு செய்தும் ஷிம் தேயும், வளையம் தளரும். அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, குழாயைக் காப்பாற்றத் தம்மைத் தேய்த்துக்கொள்பவை. பெயர்பெற்ற நிறுவனங்கள் அவற்றைத் தனியாக விற்கின்றன. விலை மலிந்த டிரைபாட்கள் பலவற்றுக்கு எந்த உதிரியும் கிடைப்பதில்லை. விரல்நகம் அளவுப் பிளாஸ்டிக் சில்லு ஒன்று உடைந்ததால் இரண்டு கிலோ அலுமினியம் குப்பைக்குப் போகிறது. இறக்குமதியாளர்கள் டிரைபாடோடு ஒரு ஜோடி உபரி ஷிம்மையாவது சேர்த்துத் தரலாம், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அது நடக்கும்வரை, அடுத்த டிரைபாட் வாங்கப் போகும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், கருவி எதுவும் இல்லாமல் கால் கழலுமா, ஷிம்மும் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு டிரைபாட் காட்டச் சொல்லுங்கள்.